எந்த ஓஎஸ் பத்திரம்?

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியிலிருந்து வந்த அறிவிப்பு டெல்லி வரை பேசப்பட்டது. ஐஐடியின் பிரவர்தக் அறக்கட்டளையில் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம், செல்போனுக்கு ‘பாரோஸ்’ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை (ஓஎஸ்) உருவாக்கியிருந்தது. மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்தான். வித்தியாசம் மேல்தளத்தில். புதுப் போனில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் ஆப்கள் இதில் கிடையாது. வேண்டியவற்றைச் சரிபார்க்கப்பட்ட தனி ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரகசியத் தகவல்களைக் கையாளும் அலுவலகங்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

மாற்று ஓஎஸ் தேடும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. நந்தனத்தில் இருக்கும் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்தபோதே திறந்த மூலநிரல் ஓஎஸ்ஸான லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007-ல் ‘பாஸ்’ லினக்ஸைக் கொண்டுவந்தது.

அப்படியானால் லினக்ஸ்தான் பத்திரமா?

விண்டோஸ்மீது புகார் சொல்ல ‘வானாக்ரை’ ஒன்றே போதும். 2017 மே 12 அன்று அது உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆனால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பெரும்பாலும் மாட்டிக்கொண்டவை, அதைப் போடாத கணினிகள்.

லினக்ஸும் 2024 மார்ச்சில் மயிரிழையில் தப்பியது. ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்தார்கள். லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்! மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் வேர்வரை போக முடிந்தது.

ஐபோனும் விலக்கல்ல. பயனர் எதையும் தொடாமலே பெகாசஸ் உளவுமென்பொருள் ஐமெசேஜ் வழியாக உள்ளே புகுந்தது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது. அப்டேட் ஆப்பிளிடமிருந்து நேராகப் போனுக்கு வந்துவிடுவது அதன் பலம். பல ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் தரும் திருத்தம் போன் கம்பெனியைத் தாண்டி வர வேண்டும். விலை மலிவான மாடல்களுக்குச் சில வருடங்களில் அதுவும் நின்றுவிடும்.

கணினியிலும் இதே கதைதான்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகமோ தி.நகர் ஜவுளிக்கடையோ, டேலியில் கணக்கு எழுதும் இடத்தில் லினக்ஸுக்குத் தாவுவது லேசல்ல. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. புதுக் கணினி வாங்கும்வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொள்வதும், பேக்கப்பை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வைப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை.