அந்த நாட்களில் குடலும் கலங்குவது ஏன்? குரோன் நோயுள்ள பெண்கள் அறிய வேண்டியவை

பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வயிறு உப்பி இழுத்துப் பிடிக்கிறது. முதல் நாள் விடிந்ததும் நான்கைந்து முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது. குரோன் நோயுள்ள பெண்கள் பலருக்கு மாதாமாதம் இதே கதைதான். வீட்டில் சொன்னால், "அந்த நாள்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். குடல் மருத்துவரிடம் மாதவிடாய் பற்றிப் பேசக் கூச்சம். மகளிர் மருத்துவரிடம் குடலைப் பற்றிச் சொல்லத் தோன்றுவதில்லை.

இந்த மௌனம் இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. ஹார்மோனால் வந்த தொந்தரவை நோய் கிளம்பிவிட்டதாக எண்ணித் தேவையில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்குகிறோம். அல்லது, உண்மையிலேயே நோய் கிளம்பியிருக்கும்போது "பீரியட்ஸ்தானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இரண்டையும் தவிர்க்க, குடலையும் மாதவிடாயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நம் ஊரிலும் இருக்கும் நோய்

1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை மருத்துவர்கள் பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகியோர் இந்நோயை விவரித்து எழுதினார்கள். இது குடல் அழற்சி நோய்களில் ஒன்று; வாயிலிருந்து ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்த இடத்திலும் அழற்சி வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் காணப்படுகிறது. புண், வலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு, ஆசனவாய் அருகே பௌத்திரம் என்று பல முகம் காட்டும். நோய் சில காலம் அடங்கியிருக்கும், சில காலம் கிளம்பும்.

இது பணக்கார நாட்டு நோய், நகரத்து நோய் என்ற எண்ணத்தை அசைத்தது ஹைதராபாத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. கச்சிபௌலியில் உள்ள ஏஐஜி மருத்துவமனையின் டாக்டர் ரூபா பானர்ஜி குழுவினர், குடல் தொந்தரவு உள்ள 30,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, 2023இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிகுறியோடு வந்தவர்களில் நகரவாசிகளிடமும் கிராமவாசிகளிடமும் குடல் அழற்சி நோய் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஹைதராபாத் மாதாப்பூர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், தெலங்கானா கிராமத்தில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கும் இது வரலாம் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பெண்கள் இருவருக்கும் மாதவிடாயும் உண்டு.

ஹார்மோன் குடலை எப்படித் தொடுகிறது?

கருமுட்டை வெளிவந்தபின் சுமார் இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும். இந்த ஹார்மோன் குடல் தசையைத் தளர்த்தி, உணவு நகரும் வேகத்தைக் குறைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வயிறு உப்புவதும் மலச்சிக்கலும் வருவது இதனால்தான்.

பிறகு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சட்டென்று இறங்குகின்றன. அப்போது கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்க வைத்து உதிரத்தை வெளியேற்றுவது அதன் வேலை. ஆனால் அது கருப்பையோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் குடலையும் சுருங்க வைக்கிறது, குடலுக்குள் நீர் சுரக்கவும் வைக்கிறது. நோயில்லாத பெண்களுக்கே முதல் நாள் மலம் இளகிப் போவதன் காரணம் இது. குரோன் நோயில் குடல் ஏற்கெனவே புண்பட்டு, நரம்புகள் கூர்மையாகி இருக்கும். போதாததற்கு, கருப்பையிலிருந்தும் பெருங்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் அருகருகே சேர்கின்றன. ஓரிடத்து வலி மற்றோரிடத்து வலியையும் கூட்டிக் காட்டுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுனந்தா கேன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குரோன் நோயுள்ள பெண்கள் மாதவிடாய் நாட்களில் குடல் தொந்தரவு, குறிப்பாக வயிற்றுப்போக்கு, கூடுவதாக நோயில்லாத பெண்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஆகவே "உன் மனப்பிரமை" என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நோய் கிளம்பியதா, மாதவிடாய்த் தொந்தரவா?

இதைப் பிரித்தறிய மிகச் சிறந்த கருவி ஒரு நோட்டுப் புத்தகம். தினமும் ஒரு வரி போதும்: பீரியட்ஸ் தொடங்கி எத்தனையாவது நாள், எத்தனை முறை மலம் போனது, ரத்தமோ சளியோ இருந்ததா, வலி பத்துக்கு எவ்வளவு, இரவில் எழ நேர்ந்ததா, காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை போட்டீர்கள். வாரம் ஒரு முறை எடையும் குறியுங்கள். மூன்று மாதம் எழுதினால் ஒழுங்கு தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். "1ஆம் நாள்: 6 முறை, வலி 7. 2ஆம் நாள்: 4 முறை, வலி 5. 4ஆம் நாள்: 2 முறை, வலி 1." மூன்று மாதமும் இப்படியே வந்தால் பெரும்பாலும் ஹார்மோனின் வேலை. "9ஆம் நாள்: 5 முறை, இரவில் இரண்டு முறை எழுந்தேன், சளியோடு ரத்தம், எடை 2 கிலோ குறைந்திருக்கிறது" என்று இருந்தால், மாதவிடாய் முடிந்த பின்னும் தொந்தரவு தொடர்கிறது. குடல் அழற்சி கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தேகம் இருந்தால் மருத்துவர் மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனையும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் எழுதுவார். குடலில் அழற்சி இருந்தால் கால்ப்ரொடெக்டின் உயரும். உதிரப்போக்கு கலந்தால் முடிவு குழம்பலாம் என்பதால், மாதவிடாய் நின்ற சில நாள் கழித்து மல மாதிரி கொடுப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பை உட்சுவர்த் திசு குடலின் மேல் வளர்ந்து, மாதவிடாய் நாட்களில் வலியும் சில சமயம் மலத்தில் ரத்தமும் தரும் நோய் இது. குரோன் என்று தவறாக எண்ணப்படலாம். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். உடலுறவின்போது வலி, ஆண்டுக்காண்டு கூடிவரும் மாதவிடாய் வலி, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இருந்தால் மகளிர் மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

வலி மாத்திரையில்தான் ஆபத்து

நம் ஊரில் மாதவிடாய் வலி என்றால் மருந்துக்கடைக்குப் போய், சீட்டு இல்லாமலே மெஃப்டால் ஸ்பாஸ் வாங்கிப் போடுவது வழக்கம். அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: மெஃபனமிக் அமிலம் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. என்று அச்சிட்டிருக்கும். மெஃபனமிக் அமிலமும், இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்றவையும் ஒரே குடும்பம். புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து வலியை அடக்கும் இவை, குடலின் பாதுகாப்பையும் குறைக்கும். குரோன் உள்ளவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடவும் கூடும். டைசைக்ளோமின் குடல் அசைவைக் குறைப்பது. குடல் சுருங்கி அடைப்பு இருப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல.

அப்படியானால் என்ன செய்வது? வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நோய் இல்லாதவர்கள் பாராசிட்டமாலை உரிய அளவில் எடுக்கலாம். அதற்கும் வலி அடங்காவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்; நோய் நன்றாக அடங்கியிருப்பவர்களுக்குச் சில நாட்கள் மட்டும் வேறு மாத்திரையை அவர் அனுமதிக்கலாம். அதிக உதிரப்போக்குக்குத் தரப்படும் டிரானெக்ஸாமிக் அமிலத்தையும் அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. குரோன் கிளம்பியிருக்கும்போது ரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் அபாயம் ஏற்கெனவே கூடுதல்.

குடல் நோய் மாதவிடாயையும் மாற்றும்

எடை குறைந்து சத்து குறைந்தால் கருமுட்டை வெளிவருவது தடைபடும். பீரியட்ஸ் தள்ளிப்போகும், சில சமயம் நின்றே போகும். ஸ்டீராய்டும் சுழற்சியைக் குலைக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், குடல் அழற்சி நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்குச் சுழற்சி இடைவெளி மாறியிருந்தது. காலப்போக்கில் சுழற்சி சீராவதும் தெரிந்தது. சிறுமிகளுக்கு நோய் வந்தால் வளர்ச்சி குன்றி, வயதுக்கு வருவது தாமதமாகலாம். வகுப்பில் எல்லோரும் வயதுக்கு வந்தும் மகள் வரவில்லை, வயிற்றுவலியும் உண்டு, எடையும் ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் காசநோய். குடல் காசநோயும் குரோனும் ஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரிவதால், பலருக்கு முதலில் காசநோய் மருந்து தரப்படுகிறது. காசநோய் கருப்பையைத் தாக்கினால் மாதவிடாய் குறையலாம் அல்லது நிற்கலாம். அதனால் பீரியட்ஸ் மாற்றத்தைக் குடல் மருத்துவரிடம் சொல்வது, எந்த நோய் என்று பிரித்தறிய அவருக்கு உதவும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரு பக்கமும் போகும் ரத்தம்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. குரோன் உள்ள பெண்ணுக்கு மாதவிடாயில் ரத்தம் போகிறது, குடல் புண்ணில் கசிகிறது, அழற்சியால் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் தடைபடுகிறது. ஹைதராபாத் தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்புச்சத்து தேவை என்கிறது. புண்பட்ட குடலுக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் அதை ஈடுகட்டாது. குடலில் சுருக்கம் உள்ளவர்களுக்கு நார் மிகுந்த கீரை அடைப்பையும் தரலாம். இரும்பு மாத்திரை சிலருக்கு வயிற்றைப் புரட்டும். நோய் கிளம்பியிருக்கும்போது ஊசி வழி இரும்புச்சத்தே சிறந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை அகற்றியவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசியும் தேவைப்படலாம். ஹீமோகுளோபினோடு, உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருத்தடையும் கர்ப்பமும்

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு மாதாந்தரத் தொந்தரவைக் குறைக்கும். ஆனால் ரத்த உறைவு அபாயம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. சிறுகுடலில் நோய் கடுமையாக இருந்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டும். ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் அதைக் குறைக்கும். எது தனக்கு ஏற்றது என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

குரோனுக்காக மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுக்கும் பெண் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் சில மாதம் முன்பே மருத்துவர் சொல்லி நிறுத்த வேண்டும். நோய் குறைந்தது 3 முதல் 6 மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் தாய்க்கும் சேய்க்கும் நல்லது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மற்ற மருந்துகளைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அவற்றில் பலவற்றை மருத்துவர் கண்காணிப்பில் தொடரலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• வயிறு கல்லாக உப்பி, வாந்தியோடு, வாயுவும் மலமும் போகாமல் நிற்பது
• 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஆசனவாய் அருகே வீக்கம் அல்லது சீழ்
• மணிக்கொரு முறை பேட் மாற்றும் அளவு உதிரப்போக்கு, மயக்கம்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல்
• பிறப்புறுப்பு வழியாக வாயுவோ மலமோ வருவது

இவை இருந்தால் பீரியட்ஸ் முடியட்டும் என்று பொறுக்காமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டாரும் மருத்துவரும் செய்ய வேண்டியது

குடல் பிரிவில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும், "கடைசியாகப் பீரியட்ஸ் எப்போது?" என்று கேட்பது வழக்கமாக வேண்டும். நேரம் இல்லாத கூட்டத்தில் அது விடுபட்டால், நீங்களே நோட்டைத் திறந்து மேசையில் வையுங்கள். "டாக்டர், ரெண்டாம் நாளோட அடங்கிடுது" என்றோ, "பத்து நாளாகியும் அடங்கலை" என்றோ சொல்லும் ஒரே வரி, அவர் எழுதும் மருந்தையே மாற்றக்கூடும். அலுவலகத்தில் அந்த இரண்டு நாள் கழிப்பறைக்கு அருகில் இருக்கையோ வீட்டிலிருந்து வேலையோ கேட்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். கணவரும் அம்மாவும் "பொறுத்துக்கோ" என்பதை விட்டு, மருத்துவரிடம் கூடவே போய்வரட்டும். அளவான மருந்தைச் சரியான நேரத்தில் பெற்றால், குரோன் இருந்தும் படிக்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம். அதற்கு முதல் படி, இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் வாய்விட்டுச் சொல்வதுதான்.