கிணற்று ஆமையின் ஓடு சொல்லும் செய்தி

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் கோடையில் குளம், வாய்க்கால்களைத் தூர் வாரும்போதும், வயலில் கோடை உழவு செய்யும்போதும் சேற்றுக்குள் பதுங்கியிருக்கும் ஆமைகள் வெளிப்படுவது உண்டு. அவற்றைக் கிணற்றில் விடுவதும், குழந்தைகள் பார்த்து மகிழத் தொட்டியில் வளர்ப்பதும் கிராமங்களில் உள்ள பழக்கம். ஆமை கிடந்தால் கிணற்று நீர் சுத்தமாகும் என்பது பலரது நம்பிக்கை. ஆனால், சில மாதங்களில் ஆமையின் ஓடு மென்மையாகிறது, புள்ளி விழுகிறது, நாற்றம் அடிக்கிறது. இதன் காரணத்தை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது.

ஓடு என்பது எலும்பு

நத்தையின் கூடு போல ஆமையின் ஓடு தனியாகக் கழன்று வருவதன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டுடன் ஒன்றாக இணைந்துள்ளன. எலும்புத் தகட்டின் மேல் நம் நகத்தை ஒத்த பொருளாலான செதில்கள் மூடியிருக்கும். ஓட்டில் இரத்த ஓட்டமும் வலி உணர்வும் உண்டு. எனவே, கயிறு கட்டுவதற்காக ஓட்டின் விளிம்பில் துளையிடுவது எலும்பைத் துளைப்பதற்குச் சமம். அவ்வழியே கிருமி புகும்.

இனத்துக்கு ஏற்ற ஓடு

குளங்களிலும் நெல் வயல்களிலும் காணப்படும் பாலாமையின் ஓட்டைத் தோல் மூடியிருக்கும். அதில் செதில் இராது. இது நோயன்று, இயல்பு. காராமையின் ஓடு கெட்டியானது. முதுகில் மூன்று வரம்புகள் நீளவாக்கில் ஓடும். வறண்ட புதர்க் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையின் கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்திருக்கும்.

நோயின் அறிகுறிகள்

1. மென்மை: காராமை, நட்சத்திர ஆமை ஆகியவற்றின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குமானால், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று அறியலாம். கிளிஞ்சல் தூள் கிடைக்காத கோழி தோல் முட்டை இடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குறைதான் இங்கும். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி தேவை. அதற்கு நேர் வெயில் வேண்டும். உறைக் கிணற்றின் அடியில் வெயில் ஏது? சோறும் பொரியும் மட்டும் போட்டு வளர்த்தால் குறை மேலும் கூடும்.

2. அழுகல்: ஓட்டில் குழி, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, செதில் உரிதல், துர்நாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஏறி உலர இடமின்றி அழுக்கு நீரிலேயே கிடப்பதால், காயத்தின் வழியே பாக்டீரியாவும் பூஞ்சாணமும் புகுகின்றன.

3. கூம்பு: வீட்டுக்குள் வளரும் தரை ஆமைகளின் செதில்கள் கோபுரம் போல எழும்புவது உண்டு. இளம் வயதில் ஈரப்பதம் குறைந்த இடத்தில் வளர்வது இதற்கு முக்கிய காரணம் என்பதை ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளைக் கொண்டு ஆஸ்திரியாவில் நடத்தி, 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நட்சத்திர ஆமைக்கு இயற்கையிலேயே ஓரளவு மேடு உண்டு.

4. பாசி: நீர் ஆமையின் ஓட்டில் படியும் பச்சைப் பாசி பெரும்பாலும் தீங்கற்றது. அதைச் சுரண்ட வேண்டாம். ஓடு பளபளக்க எண்ணெய், பெயிண்ட் பூசுவது கேடு.

குடிநீருக்கு ஆபத்து

ஆமை நீரைச் சுத்தம் செய்வதில்லை. அதன் கழிவு அந்நீரிலேயே கலக்கிறது. நல்ல நிலையில் தோன்றும் ஆமையும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். குழந்தைகளுக்கு இந்நோய் பரவியதால், அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975-இல் தடை செய்யப்பட்டது. ஆமையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சட்டம் கூறுவது

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது பழமொழி. இன்று ஆமையை வீட்டில் வைத்தால் அதிகாரியும் பின்னாலேயே வருவார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமையும் நட்சத்திர ஆமையும் உள்ளன. 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இவை தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அறியாமல் செய்தது என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

செய்ய வேண்டியவை

வீட்டிலோ கிணற்றிலோ ஆமை இருந்தால் வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். அதுவரை நீரில் ஒரு பலகையை மிதக்கவிட்டால், ஆமை ஏறி உலர முடியும். நோயுற்ற ஆமையையும், கடையில் வாங்கிய அயல்நாட்டு ஆமையையும் குளத்திலோ ஏரியிலோ விடக்கூடாது; அங்குள்ள ஆமைகளுக்கு நோய் தொற்றும்.

உழவின்போது ஓடு உடைந்தால் மஞ்சள், மண்ணெண்ணெய், பசை எதையும் தடவாமல், சுத்தமான துணி விரித்த பெட்டியில் நிழலில் வைத்து, வனத்துறைக்குத் தெரிவித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடைந்த எலும்பு மெல்லக் கூடும். உரிய சிகிச்சையால் ஆமை பிழைக்க வாய்ப்பு உண்டு.

காயமின்றி வயலில் தென்படும் ஆமையை அருகிலுள்ள வாய்க்கால் கரையில் விட்டால் போதும். பாலாமை கடிக்கும், எச்சரிக்கை தேவை. நத்தை, பூச்சி, செத்த மீன் ஆகியவற்றைத் தின்னும் பாலாமை வாய்க்காலில் இருப்பதே விவசாயிக்கு இலாபம்.