கூடு வேடந்தாங்கலில், இரை வெளியில்

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைவிடப் பெரிய ஏரிகள் பல உண்டு. ஆனாலும் நல்ல மழை பெய்த ஆண்டில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுவது இந்தச் சிறிய ஏரியில்தான். அவற்றை இழுப்பவை தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை நாயோ பூனையோ கூட்டை நெருங்காது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வறண்டால், மரங்கள் இருந்தும் பறவைகள் வருவதில்லை.

ஊராருக்கு இதில் ஆதாயம் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடுகின்றன. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாசனத்தோடு எருவும் போய்ச் சேரும். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1790களில் இவ்வூர் விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை நேசம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. விளைச்சல் கணக்கும் அதில் இருந்தது. அப்படி இருந்ததால்தான் இத்தனை தலைமுறை நிலைத்தது என்பேன்.

இத்தனை வாய்களுக்கும் இரை எங்கே? பெரும்பாலும் இந்த ஏரியில் இல்லை. விடிந்ததும் பெற்றோர்ப் பறவைகள் பக்கத்து ஏரிகளுக்கும் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பறக்கின்றன. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்குகிறது. கூழைக்கடாவுக்கு ஆழமான நீரும் மீனும் வேண்டும். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பொருள் இங்கேதான் விளங்கும். 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்தபோது, ஏரிக்கு ஒரு சேதமும் வராது என்று சிலர் வாதிட்டார்கள். கூட்டை விட்டுவிட்டு இரைதேடும் இடத்தை வெட்டுவதுதான் அந்த யோசனை. எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை.

2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்துக் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் அதே ஆண்டில் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் பறவைகள் இரைதேடும் மற்ற ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு பட்டயம் கிடையாது. வரத்துக்கால்வாய் தூர்ந்தாலோ, வயலில் பூச்சிமருந்து மிகுந்தாலோ சரணாலயக் காவலரால் ஒன்றும் செய்ய இயலாது. ஏனென்றால் சரணாலயம்தான் வனத்துறையின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன.