சிறு உணவகத்தை விற்பனை செய்தல்

சிறு உணவக விற்பனை என்பது, நடந்துகொண்டிருக்கும் மெஸ், சிற்றுண்டிக் கடை, இனிப்பகம் போன்றதொரு தொழிலை அதன் பொருள்கள், பெயர், வாடிக்கை ஆகியவற்றுடன் மற்றொருவருக்கு விலைக்குக் கொடுப்பதாகும். பல குடும்பங்களுக்கு முதுமைக்கான சேமிப்பே கடைதான். உடல் தளர்ந்த பின் அவசரமாக விற்றால் பழைய பாத்திரங்களின் விலை மட்டுமே மிஞ்சும். தமிழ்நாட்டில் தனிநபர் ஒருவர் வாடகைக் கட்டடத்தில் நடத்தும் கடையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விலையின் பகுதிகள்

1. கிரைண்டர், அடுப்பு, குளிர்பெட்டி, மேசை முதலிய தளவாடங்கள்
2. கையிருப்பில் உள்ள மளிகைச் சரக்கு
3. நற்பெயர்

கட்டட உரிமையாளரிடம் உள்ள முன்பணம் இவற்றில் சேராது. அதைத் தனியே கணக்கிட வேண்டும்.

நற்பெயரை மதிப்பிடுதல்

மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியலில் வரும் சராசரி இலாப முறை இதற்கு ஏற்றது. ஓர் எடுத்துக்காட்டு: மூன்று ஆண்டு இலாபம் ரூ.3,60,000, ரூ.4,20,000, ரூ.4,80,000 எனில் சராசரி ரூ.4,20,000. உரிமையாளரே சமைத்துக் கல்லாவிலும் அமர்ந்திருந்தால், அவ்வுழைப்புக்குரிய சம்பளத்தைக் கழிக்க வேண்டும். அது ஆண்டுக்கு ரூ.2,40,000 எனில் மீதம் ரூ.1,80,000. இரண்டு ஆண்டுக் கொள்முதல் என்று பேசி முடித்தால் நற்பெயரின் மதிப்பு ரூ.3,60,000 ஆகும். வரவு செலவு எழுதப்படாத கடையில் இந்தத் தொகையை மெய்ப்பிக்க வழியில்லை. எனவே விற்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தாவது கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

தாமாகக் கைமாறாதவை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் கீழ் பெற்ற உரிமம் அல்லது பதிவு, கடையுடன் சேர்ந்து விலை போகாது. உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் தொடர விதிகளில் இடமுண்டு. விற்பனைக்கு அது பொருந்தாது. வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். விற்றவர் பழையதை ஒப்படைத்துவிட வேண்டும். இல்லையெனில் பின்னர் எழும் புகார் அவர் பெயருக்கே வரக்கூடும்.

வாடகை உரிமையும் அவ்வாறே. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, கட்டட உரிமையாளரின் எழுத்துமூல இசைவின்றி வாடகைதாரர் தம் உரிமையைப் பிறருக்கு மாற்ற முடியாது. ஆகவே விலை பேசும் முன் அவரிடம் பேசுவதே முறை.

ஒப்பந்தம்

தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27இன்படி செல்லாதவை. ஆனால் நற்பெயரை விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என ஒப்புக்கொள்வது விதிவிலக்கு. அந்த எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். இந்த வரி இல்லையெனில், விற்றவர் அடுத்த தெருவிலேயே கடை போட்டாலும் வாங்கியவர் தடுப்பது கடினம்.

சரக்கு மற்றும் சேவை வரிப் பாக்கி இருந்தால், மாற்றிய நாள் வரையிலான தொகைக்கு இருவருமே பொறுப்பாவர். எனவே பாக்கியைத் தீர்த்த பின் கையொப்பமிடுவது நல்லது.

ஒப்படைப்பு

விற்றவர் சில வாரங்கள் உடனிருந்து சாம்பார்ப் பொடியின் அளவு, மாவின் பக்குவம், சரக்குக் கடைக்காரர்கள், மாதக் கணக்கு வைத்திருப்போர் ஆகிய விவரங்களைக் கற்றுத்தருவது வழக்கம். சமையல் மாஸ்டர் தொடர்ந்து இருப்பாரா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். விலையில் ஒரு பகுதியை இக்காலம் முடிந்த பின் தருவதாக எழுதிக்கொண்டால், கற்றுத்தரும் பொறுப்பு முழுமையாக நிறைவேறும்.