பைப்காரர் வருவதற்குள்...

பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்வரை என்ன செய்யவேண்டும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைப்பார்கள், கஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால், நடு ராத்திரியில் குசினியில் பைப் வெடித்துத் தண்ணீர் பீறிட்டு அடித்தால்? வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம். ஒருவர் துணியை எடுத்து அமுக்குகிறார். இன்னொருவர் வாளியைத் தேடுகிறார். தண்ணீர் மட்டும் நிற்பதில்லை.

"சுகாதாரப் பகுதியில் பைப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. உடைந்த பைப்பால் சுவர்தான் கெடும் என்று நினைக்கிறோம். மின்சாரம் தாக்குவதும், கக்கூஸ் தண்ணீரால் நோய் வருவதும், பிடித்து வைத்த தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிடுவதும் அந்த உடைந்த பைப்பில் இருந்துதான் தொடங்குகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை வீட்டில் குடிவந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது.

"அண்ணே, பாத்ரூம் பைப்பு கழண்டு போச்சு, தண்ணி நிக்கவே மாட்டேங்குது. என்னா செய்யறது?"

"மீட்டர் பக்கத்துல வால்வு இருக்குமே, அத அடைச்சீங்களா?"

"வால்வா? அது எங்கண்ணே இருக்கு?"

நான்கு வருடமாக அந்த வால்வின் மேல் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது! அதைக் கண்டுபிடிப்பதற்குள் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. ஹாலில் பாட்டி பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அவர் தலைமாட்டில், தரையில், காற்றாடிக்கு இழுத்துவிட்ட பிளக் பலகை. நல்ல வேளையாக மூத்த பையன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாட்டியைத் தூக்கிவிட்டான். அவன் அணைக்காமல் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே, இந்த இதழை மடித்து வைப்பதற்கு முன் எழுந்து போய் உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வட்டப் பிடியாக இருந்தால் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருகினால் அடைபடும். நீளப் பிடியாக இருந்தால் பைப்போடு ஒரே கோட்டில் இருக்கும்போது திறந்திருக்கிறது, குறுக்கே நிற்கும்போது மூடியிருக்கிறது என்று அர்த்தம். கூரைத் தொட்டி உள்ள வீடுகளில் மீட்டர் வால்வை அடைத்தும் தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், அது தொட்டித் தண்ணீர். தொட்டியில் இருந்து இறங்கும் பைப்பிலும் ஒரு வால்வு இருக்கும், அதையும் அடையுங்கள்.

பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். அதை ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்து, சின்ன ஒழுகல் பெரிய ஒழுகலாகிவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை சும்மாவே மூடித் திறந்து பழக்கி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

லயத்து வீடுகளில் சில இடங்களில் வரிசை முழுவதற்கும் ஒரே வால்வுதான். அது எங்கே இருக்கிறது என்று ஆபீசில் கேட்டு வையுங்கள். கடைசி வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவர் திருவிழாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

அடுத்தது மின்சாரம். தண்ணீர் தரையில் பரவிவிட்டால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். காய்ந்த இடத்தில், காலில் ரப்பர் செருப்போடு நின்று, காய்ந்த கையால் அணைக்க வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியே தண்ணீரில் மூழ்கியிருந்தால் அதில் காலை வைக்கவே வேண்டாம். எல்லாரும் வெளியே வந்துவிட்டு மின்சார வாரியத்துக்குச் சொல்லுங்கள். ஒருவர் மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் பாசத்தில் ஓடிப்போய்க் கையால் இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும். சுடுதண்ணீர் ஹீட்டர் உள்ளவர்கள், தண்ணீரை அடைத்தவுடன் அதன் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும்.

இனி, உடைந்த இடத்துக்குக் கட்டுப் போடுவது. நாம் ரப்பரை நம்பி வாழ்ந்தவர்கள். அந்த ரப்பர் இங்கேயும் கைகொடுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரை அடைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஓட்டைக்கு ஒரு சாண் முன்பிருந்தே தொடங்கி, நன்றாக இழுத்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். மேலே கம்பியாலோ ஹோஸ் கிளிப்பாலோ இறுக்கலாம். ஊசி ஓட்டைக்கும் சின்ன விரிசலுக்கும் ஒரு ராத்திரி தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் நம்பக் கூடாது. சமையலுக்கு இரண்டு வாளி பிடித்துக்கொண்டு மறுபடியும் வால்வை அடைத்துவிட்டுப் படுங்கள். கடையில் விற்கும் மெல்லிய வெள்ளை டேப்பை உடைந்த பைப்புக்கு மேலே சுற்றுகிறவர்கள் பலர். அது மரையில் சுற்றுவதற்கு உண்டானது. வெளியே சுற்றினால் ஒரு பயனும் இல்லை, காசுதான் வீண்.

கட்டுப் போட வசதியாகக் கீழே உள்ள பைப்பைத் திறந்து, உள்ளே மிச்சமுள்ள தண்ணீரை வடிய விடுவது நல்லது. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டில் எங்காவது ரப்பர் ஹோஸின் நுனி வாளிக்குள்ளோ டிரம்முக்குள்ளோ மூழ்கிக் கிடக்கிறதா என்று பார்த்து, வெளியே எடுத்துவிடுங்கள். காரணம் என்னவென்றால், பைப்பில் அழுத்தம் இறங்கும்போது அது உறிஞ்சத் தொடங்கும். ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சுவது மாதிரி, வாளியில் இருப்பது பைப்புக்குள் ஏறிவிடும். துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீர் என்றால் அருவருப்போடு போயிற்று. மருந்து தெளிக்கும் டாங்கியில் ஹோஸை மூழ்கவிட்டுத் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ பைப் உடைந்தால், களைக்கொல்லி குடிதண்ணீர்ப் பைப்பில் கலந்துவிடும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். மற்ற மருந்துகள் மட்டும் பாலும் தேனுமா? ஹோஸின் நுனி எப்போதும் பாத்திரத்தின் விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே நிற்க வேண்டும்.

கக்கூஸ் அடைத்துக்கொண்டால் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, "இன்னொரு தடவ இழுத்துப் பாப்போம்" என்று மறுபடியும் தண்ணீரை விடுவது. உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே வரும். தண்ணீர் மட்டம் தானாக இறங்கும்வரை பொறுத்து, ரப்பர்க் குவளை வைத்த கம்பால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கையை விடாதீர்கள். ஆசிட்டை ஊற்றிவிட்டு, அது போதாதென்று குளோராக்ஸையும் ஊற்றுகிறார்களே, அது மகா ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், ஆளையே சாய்த்துவிடும்.

வழிந்த கழிவுத் தண்ணீரைக் கழுவும்போது பூட்சும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். முதலில் அழுக்கை வாரி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் பிறகே ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேலேயே மருந்தைக் கொட்டினால் கிருமி சாகாது. ஆசிட் ஊற்றிய இடமாக இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் குளோராக்ஸைத் தொடவே கூடாது. தரையில் வைத்திருந்த காய்கறியில் அந்தத் தண்ணீர் பட்டிருந்தால், பாவம் பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

வெறுங்காலோடு கால்வாய்த் தண்ணீரில் நின்றவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர், கால் வெடிப்பு வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் உடம்புக்குள் நோயைக் கொண்டு போகும். 'கென்சிங் தீக்குஸ்' என்று மலாயில் சொல்வது இதைத்தான். ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு வந்தால் சும்மா காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். கிளினிக்குக்குப் போய், "சாக்கடைத் தண்ணியில நின்னேன் டாக்டர்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மானேஜர் சொன்னாலும் சரி. உள்ளே இருக்கும் விஷ வாயு ஓரிரு மூச்சில் ஆளை மயக்கிவிடும். மயங்கியவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். அதற்கென்று லாரியும் கருவியும் உள்ளவர்கள் வந்துதான் அதைத் தொட வேண்டும்.

பைப் சரியாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். பிடித்து வைக்கும் தண்ணீரை இறுக்கி மூடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, அது கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மருந்து வந்த பிளாஸ்டிக் டிரம்மைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிப்பது வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுவதும் போகாது.

பைப் சரியானபின் முதலில் வரும் தண்ணீர் காவி நிறமாக இருக்கும். தெளியும்வரை ஓடவிட்டு, குடிப்பதற்குக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். பாலைப் போல வெள்ளையாக வந்து, குவளையில் வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிகிறதா? அது வெறும் காற்று, கெடுதல் இல்லை. யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைப்பிள்ளையாக இருந்தாலும், கழிச்சலில் இரத்தம் இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி, பைப் தண்ணீரும் கொடுத்து, வீட்டைப் பழுது பார்த்தும் வைக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, சொல்கிறது. ஆகவே கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். உடைந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பைப்காரர் வந்ததும் நீங்கள் எங்கே கட்டுப் போட்டீர்கள், எந்த வால்வை அடைத்தீர்கள், அடைப்பில் ஆசிட் ஊற்றினீர்களா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆசிட் தண்ணீரில் அவர் கையை விட்டுவிடக் கூடாதல்லவா? கழன்று விழுந்த பழைய துண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதே அளவில் வாங்கி வர அவருக்கு அது வேண்டும்.