வருகைக் கணக்கும் வராதவர் கணக்கும்

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு காலைப்பொழுதில், ஆய்வகத்தின் முன் வரிசையில் நின்றிருந்த ஒருவர் உடல் வியர்த்து மயங்கிச் சாய்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளி. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப்பணி முடித்து நேராகத் தண்டலம் வந்திருந்தார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்து, இரவு முதல் எதுவும் உண்ணவில்லை. ஆனால் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கியிருந்தார். இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் தேறினார்.

செய்தி கேட்டு ஓடிவந்த மகள் எங்களிடம் கேட்டார்: "மாத்திரை போடலாமா வேண்டாமான்னு நேத்து ராத்திரியே உங்க வெப்சைட்ல தேடினேன் டாக்டர். எங்கேயுமே கிடைக்கலையே?"

அந்தக் குறிப்பு தளத்தில் இருந்தது. 'ஆய்வகச் சேவைகள்' என்னும் தலைப்பைத் திறந்து, அதனுள் மற்றொன்றைத் திறந்து, ஒரு பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்கினால் கிடைக்கும். நள்ளிரவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒருவருக்கு அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அதுவரை தளத்தின் வருகைப் புள்ளிவிவரங்களைக் கணினிப் பிரிவினர் மட்டுமே பார்த்துவந்தனர். அந்நிகழ்வுக்குப் பின் மருத்துவர்களாகிய நாங்களும் உடன் அமர்ந்தோம். எந்தப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது, எந்நேரத்தில், கைப்பேசியிலா கணினியிலா, தேடற்பெட்டியில் எந்தச் சொற்கள் இடப்பட்டன, எந்தப் பக்கத்தோடு வாசகர் வெளியேறினார் என்பனவற்றை இக்கணக்கு காட்டும். 2005ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் இத்தகைய கருவியைக் கட்டணமின்றி அளிக்கத் தொடங்கிய பின்னர், சிறிய தளங்களுக்கும் இது எளிதாயிற்று.

கணக்கு எங்களுக்கு முதலில் கற்பித்தது பணிவு. நாங்கள் பெருமையுடன் எழுதிய துறை அறிமுகங்களை நாடி வந்தோர் சிலரே. தேடற்பெட்டியிலோ 'சுகர் டெஸ்ட்', 'டீ குடிக்கலாமா', 'பிரஷர் மாத்திரை போடலாமா' என மக்களின் சொற்கள் நிறைந்திருந்தன. பல சொற்கள் ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட தமிழ். நாங்கள் எழுதியதோ 'பரிசோதனைக்கு முந்தைய ஆயத்தம்'. கேட்பவர் ஒரு மொழியிலும் விடை சொல்பவர் வேறொரு மொழியிலும் பேசினால் இருவரும் சந்திப்பது எங்ஙனம்?

ஆகவே குறிப்பை முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மக்கள் தேடும் சொற்களையே தலைப்பாக்கினோம். பிடிஎஃப் கோப்பை நீக்கி, சிறு திரையில் விரைவாகத் திறக்கும் எளிய எழுத்தாக இட்டோம். அதன் சாரம் இதுதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும். தண்ணீர் அருந்தலாம், தேநீர், காப்பி கூடாது. காலை வேளைச் சர்க்கரை மாத்திரையை இரத்தம் கொடுத்து, உணவு உண்ணும் நேரத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுவோரும் பிற மாத்திரைகள் உண்போரும் முன்னதாகவே தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். காத்திருக்கையில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் பரிசோதனைக்காகப் பொறுத்திராமல் உடனே செவிலியரிடம் கூறி, சர்க்கரை கரைத்த நீரை அருந்த வேண்டும்.

எனினும், எண்களை அப்படியே நம்பிவிடலாகாது. உடல் வெப்பம் கூடியிருப்பதைக் காட்டும் வெப்பமானி, காய்ச்சலின் காரணத்தைக் காட்டாது. ஒரு பக்கத்தில் ஒருவர் நெடுநேரம் இருந்தார் என்றால், ஊன்றிப் படித்தார் என்றும் கொள்ளலாம். புரியாமல் திணறினார் என்றும் கொள்ளலாம். மக்களின் தேடற்சொற்களைக் கொண்டு ஃப்ளூ காய்ச்சலின் பரவலைக் கணிக்கக் கூகுள் 2008இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அமெரிக்காவில் அதன் கணிப்பு, மருத்துவர்களிடம் வந்தோரின் உண்மைக் கணக்கைவிட ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. காய்ச்சல் கண்டவர் மட்டும் தேடுவதில்லையே. செய்தி கேட்டு அஞ்சியவரும் தேடுவர். 2015இல் அக்கணிப்புகளின் வெளியீடு நின்றுபோயிற்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வருகைக் கணக்கில் வந்தவர் மட்டுமே இருப்பர். இதனை விளக்க, புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டை நினைவுகூர்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் துளைகளை எண்ணி, எப்பகுதிக்குக் கவசம் தேவை என ஆராய்ந்தனர். திரும்பாத விமானங்களையும் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பதே வால்டின் அணுகுமுறை. துளை காணப்படாத பகுதியில் அடிபட்டவை ஒருவேளை திரும்பியே வந்திரா. அவ்வறிஞர் 1950 டிசம்பரில் இந்தியாவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் உயிர்நீத்தார்.

எங்கள் கணக்கிலும் திரும்பாதோர் உண்டு. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர்களுள் தமிழ் படிக்க இயலாதோர், எழுத்து தெரியாத மூத்தோர், பார்வை மங்கியோர், பேரன் கைப்பேசியை எதிர்பார்த்திருக்கும் பாட்டிமார் ஆகியோரை எந்தக் கருவியும் எண்ணாது. இவர்களுக்காகச் சீட்டு வழங்குமிடத்திலேயே குறிப்பை வாய்மொழியாகக் கூறும் வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். அன்றிரவு தேடிய அந்த மகளோ கணக்கில் இருந்தார். அதில் அவர் ஒரு 'வருகை'. அவர் வெறுங்கையுடன் திரும்பினார் என்பதை அவர் வாயால் கேட்டபோதுதான் அறிந்தோம்.

மற்றொரு கடமையும் உண்டு. ஒருவர் எந்த நோயைப் பற்றிப் படிக்கிறார் என்பதே அவரது அந்தரங்கம். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் 100இல் 33இன் தளங்களில், முன்பதிவு செய்வோர் பற்றிய தகவல்கள் ஃபேஸ்புக் நிறுவனத்துக்குச் சென்றதை 2022இல் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெயரோ நோய் விவரமோ கேட்கும் பக்கங்களில் எண்ணும் கருவி எதுவும் இருத்தலாகாது என்பதே எங்கள் நிலைப்பாடு. பக்கத்தை எண்ணலாம்; ஆளைப் பின்தொடரலாகாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது மூன்று செய்திகளைச் செவிலியரிடமோ வரவேற்பாளரிடமோ கூறுங்கள்: எதைத் தேடினீர்கள், எந்தச் சொல்லால் தேடினீர்கள், கிடைத்ததா. 'கிடைக்கவில்லை' என்று கூறத் தயங்க வேண்டாம். மயங்கி விழுந்தவர் இப்போது மாதந்தோறும் நலமாக வந்து செல்கிறார். இரத்தம் கொடுத்து, சிற்றுண்டி உண்ணும்போது மாத்திரையை எடுத்துக்கொள்கிறார். அவர் மகள் அன்று கேட்ட கேள்வியைப் போல உங்களிடமும் ஒரு கேள்வி இருக்குமாயின், அதற்காகவே காத்திருக்கிறோம்.