பப்பன்கலானில் வாங்கியது, துவாரகாவில் வாழ்வது

டெல்லியின் துவாரகாவுக்கு முந்தைய பெயர் பப்பன்கலான். பாலம் என்ற ஊருக்கு மேற்கே கக்ரோலா, பக்டோலா, போச்சன்பூர் போன்ற ஊர்களின் வயல்களை எடுத்து டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) எழுப்பிய துணைநகரம். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலும் கரோல்பாக் வாடகை வீட்டிலும் இருந்த தமிழர்கள் பலர், ஓய்வுபெற்றபின் தங்க ஒரு கூரை வேண்டுமே என்று ஏதாவதொரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் பெயர் கொடுத்தார்கள். தவணை கட்டினார்கள். குலுக்கலுக்குக் காத்திருந்தார்கள். எந்த மாடி, எந்தத் திசை என்பதைச் சீட்டு சொன்னது. வீடுதான் ஆளைத் தேர்ந்தெடுத்தது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்ற பேச்சே அப்போது கிடையாது. தண்ணீர் வருமா, பஸ் வருமா, இருட்டியபின் பாலம் ஊரைத் தாண்டி வர ஆட்டோக்காரர் ஒத்துக்கொள்வாரா, இவைதான் கேள்விகள். ஆனால் கேட்காமலே சில நல்லவை கிடைத்தன. செங்கல் சுவர், மொசைக் தரை, ஜன்னலுக்கு மேல் சன்ஷேட், முன்னும் பின்னும் திறந்த பால்கனி. மே மாதம் லூ என்னும் அனல்காற்று அடிக்கும்போது பகலில் காற்று வெளியேற ஒரு சந்து மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்துவிட்டு, ஜன்னலில் பொருத்திய கூலரில் தண்ணீர் ஊற்றினால் போதும். இரவில் இரண்டு பக்கக் கதவையும் திறந்துவைத்தால் சூடு இறங்கிவிடும். ஜூலையில் புழுக்கம் வந்ததும் கூலர் கைவிடும், அது வேறு கதை.

2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ வந்து சேர்ந்தது. துவாரகாவின் கதையை அதற்கு முன், அதற்குப் பின் என்றே பிரிக்கலாம். தூரம் என்று தயங்கியவர்கள் வந்தார்கள், விலை ஏறியது, பால்கனிகள் அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அறைகளாயின. காற்று வந்த வழியில் ஏசியின் வெளிப்பெட்டி உட்கார்ந்தது. 2002இல் டெல்லியின் உச்ச மின்தேவை 2,900 மெகாவாட்டுக்குச் சற்றுக் கீழே. 2024 ஜூன் 19 அன்று 8,656. ஊர் பெருத்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் கோடை உச்சத்தை ஏற்றியதில் ஏசிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று இங்கே வீடு பார்க்கும் நம்மவர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. மனதில் சென்னைக் கணக்கை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே வெயில் ஒன்றுதான் எதிரி, சாயங்காலம் கடல்காற்று துணை. துவாரகா கடக ரேகைக்கு வடக்கே, 28 டிகிரியைத் தாண்டிய அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில் 45 டிகிரி வெயில், ஜனவரியில் எலும்பை ஊடுருவும் குளிர். ஒரே வீடு இரண்டையும் சமாளிக்க வேண்டும். அதற்குத் தெற்கு பார்த்த பால்கனி பெரிய வரம். ஜூன் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே, 85 டிகிரி உயரத்தில் நிற்பதால் சின்ன சன்ஷேடே நிழல் தந்துவிடும். டிசம்பரில் அதே சூரியன் 38 டிகிரிக்கு இறங்கிக் கூடத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். ஹீட்டர் தேவைப்படும் நேரம் குறையும். மேற்குச் சுவரோ மதிய வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். புரோக்கர் 'பார்க் ஃபேசிங்' என்று பெருமையாகக் காட்டும் வீடு மேற்கு பார்த்ததாக இருந்தால், பூங்காவின் அழகுக்கு ஆண்டுதோறும் மின்கட்டணத்தில் விலை கொடுக்க வேண்டும். வாஸ்து கேட்பவர்கள் இதையும் ஒரு வரி கேட்கலாம்.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆரம்ப ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறும் டாங்கரும்தான் கதி. தென்மேற்கு டெல்லியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு வேறு. 2015 வாக்கில் முனக் கால்வாய் நீரை நம்பிய சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஜல் போர்டு வரத்து தேறியது. அப்படியும் கோடையில் டாங்கர் ஒழியவில்லை. மழைநீர் சேகரிப்புக் குழி பல சங்கங்களில் உண்டு. அதைப் பார்த்தவுடன் பசுமை வீடு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. துவாரகாவின் இந்தக் குழிகளைப் பற்றியே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது; பரிசோதனையில் பல சங்கங்களின் குழிகளில் மலக்கிருமி இருந்தது தெரியவந்தது. மொட்டைமாடி மழையோடு வாகன நிறுத்துமிடத்து அழுக்கும் சாக்கடைக் கசிவும் கலந்தால், வடிகட்டி பெயருக்குத்தான் இருக்கும். நிலத்தடிக்குப் போவது நஞ்சு. கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள் என்று காவலாளியிடம் கேட்டாலே பாதி உண்மை வந்துவிடும்.

சூரிய மின்சாரத்தில் மட்டும் இன்றைய காலம் தெளிவாக முன்னே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டம், குடியிருப்புச் சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது. அறுபது வீட்டுக்கு ஒரே மொட்டைமாடி என்பதால் எல்லார் ஏசியும் அதில் ஓடாது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றின் செலவில் நல்ல பகுதியை ஈடுகட்டலாம். ஆனால் மாடி எல்லாருக்கும் சொந்தம், அதனால் பொதுக்குழு ஒப்ப வேண்டும். அங்கே துணி உலர்த்த இடம் போச்சே என்ற சண்டையே ஓராண்டு ஓடும்.

2024 மார்ச்சில் துவாரகா விரைவுச்சாலையின் ஹரியானா பகுதி திறந்தபின், குருகிராம் பக்கத்துப் புதுக் கோபுரங்களைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் அதிகம். பசுமைச் சான்றிதழ், கண்ணாடி முகப்பு, நீச்சல்குளம் எல்லாம் இருக்கும். மெட்ரோ கூப்பிடு தூரத்தில் இருக்காது, பால் வாங்கவும் கார் வேண்டும். என் ஓட்டு இருபது வருடப் பழைய சங்க வீட்டுக்கே. அதன் சிமெண்டுக்கும் செங்கலுக்கும் ஆன எரிபொருள் எப்போதோ எரிந்து தீர்ந்தது. வேப்பமரம் மூன்றாம் மாடி வரை வளர்ந்துவிட்டது. வாங்கியதும் முதல் செலவாக, முன்பிருந்தவர் அடைத்த பால்கனிக் கண்ணாடியைக் கழற்றலாம். அதன்பிறகு கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கப் பொதுக்குழுவில் கை தூக்கலாம்.